சாகுல் பாயின் கத்தரிப் பாத்தி

பச்சை வலையின் கடைசி முடிச்சு இறுகிப்போயிருந்தது. சாகுல் பாய் அதைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வேப்பமரத்தடியில் கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஊரிலிருக்கும் என் மனைவி வளர்மதியிடம் போனில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு என்ன பேச்சு, வழக்கமான ஒப்பிப்புதான். சாப்பிட்டேன், லீவு நாள், உடம்புக்கு ஒன்றுமில்லை.

"என்னங்க, ஒங்களுக்குப் பின்னாடி என்னமோ பச்சையாத் தெரியுதே."

"வலை."

"வலைக்கு அங்கிட்டு?"

"சாகுல் பாயி. செடி வைக்கப் போறாரு."

"போன அந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க என் பெண்டாட்டி என் முகத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

சாகுல் பாய் தையல்காரர், கீழக்கரைப் பக்கம். துபாயில் சத்வா என்ற பகுதியில் ஒரு கடையில் பெண்களுக்கு கவுன் தைக்கிறார். நான் ஏசி மெக்கானிக், சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தான். சத்வாவின் பின் சந்து ஒன்றில், எந்தக் காலத்திலோ ஒரு அரபிக் குடும்பம் வாழ்ந்து காலி செய்த பழைய வில்லாவில் நாங்கள் அறை அறையாகக் குடியிருக்கிறோம். வீடு பாதி காரை பெயர்ந்தது. முற்றம் மட்டும் தாராளம். அதில் ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை, ஒரு குழாயடி, துணி காயப்போடும் கொடி, கொடிக்கு முன்னால் சாகுல் பாயின் தோட்டம்.

அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம். எழுதும்போதே வயிறு எரிகிறது.

தண்ணி ஆறிருச்சு

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இங்கே வருஷம் தலைகீழ். வெயில் காலத்தில் முற்றம் செத்துக் கிடக்கும். மொட்டை மாடித் தொட்டியில் கொதித்த தண்ணீர்தான் குழாயில் வரும். பக்கெட்டில் பிடித்து வைத்து ஆறிய பிறகுதான் குளிப்போம். விவரம் தெரியாதவன் மத்தியானம் பைப்பைத் திறந்து கீரைக்குப் பிடித்தால் அது நின்ற இடத்திலேயே வெந்துவிடும். தாளிக்க வேண்டியதுதான் பாக்கி.

குளிர்காலம்தான் எங்களுக்கு விதைப்புக் காலம். அது எப்போது தொடங்குகிறது என்று காலண்டர் சொல்லாது. அக்டோபரில் ஏதோ ஒரு காலையில், குழாயடியில் முகம் கழுவுகிற யாராவது ஒருவர் "தண்ணி ஆறிருச்சு" என்று குரல் கொடுப்பார். அறைகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து குழாய்க்குக் கீழே கையை நீட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு இருக்கும். சண்டைக்காரர்கள்கூட அன்று ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அந்த வாரமே சாகுல் பாய் வேலையைத் தொடங்கிவிடுவார். முதலில் வெயிலுக்குக் கட்டிய பச்சை வலையை அவிழ்த்து, துவைத்து, சேலை மடிப்பதுபோல மடித்து வைப்பார். பிறகு மண். கோடை முழுக்க ஊற்றிய தண்ணீரின் உப்பு, பாத்தியின் மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். நான் தூக்கிப்போட்ட ஒரு பழைய ஏசி மூடியை வைத்து அதைச் சுரண்டி எடுத்து வெளியே கொட்டுவார். அப்புறம் பாத்தி நிரம்பத் தண்ணீர் கட்டி உப்பை அடியில் இறக்குவார். ஆட்டுப் புழுக்கை மூட்டை ஒன்று வரும். நர்சரியிலிருந்து செம்மண் மாதிரி ஒரு மண் வரும். அதற்கு இங்கே ஸ்வீட் சாண்ட் என்று பெயர். வாயில் போட்டுப் பார்த்தவர் யாருமில்லை.

அடியில் அவர் ஒரு வேலை செய்வார். கடையில் மிஞ்சுகிற பருத்தி வெட்டுத்துணிகளை நனைத்துப் பரப்பி, அதன்மேல் மண்ணைப் போடுவார். ஈரம் நிற்குமாம். செடி வளர்ந்த பிறகு குச்சியோடு சேர்த்துக் கட்டுவதற்கும் துணிதான். சாட்டின், சிஃபான், ஜிகினா வைத்த வலைத்துணி. கத்தரிச் செடியெல்லாம் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பியதுபோல நிற்கும்.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோடையில் அவருடைய கறிவேப்பிலையும் முருங்கையும் சாகாமல் இருந்ததற்குக் காரணம் நான். வில்லாவின் எல்லா ஏசிகளிலிருந்தும் சொட்டுகிற தண்ணீரை ட்யூப் போட்டு இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தது என் கைவேலை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்டூடியோ

நான் அன்று முற்றத்தில் உட்கார்ந்து பேசியதே தற்செயல்தான். வழக்கமாக நான் பேசுவது ஸ்டூடியோவில்.

வில்லாவின் பழைய வாசலை ஒட்டி ஒரு சுவர் இருக்கிறது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வெள்ளை அடித்து, மேலே ஒரு நல்ல டியூப் லைட்டும் போட்டிருக்கிறோம். கீழே ஒரு ஸ்டூல். வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறவர்கள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டால், ஊரில் பார்ப்பவர்களுக்கு ஏதோ கம்பெனி ஃபிளாட் மாதிரி தெரியும். மூன்றடுக்குக் கட்டில் தெரியாது. சட்டி பானை அடுக்கிய கட்டிலடி தெரியாது. சுவரில் தொங்குகிற பத்துப் பேர் துண்டு தெரியாது.

பொய் சொல்வதாக எங்களில் யாரும் நினைத்ததில்லை. ஊரில் இருப்பவர்கள் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்றுதான். அறைக்குப் புதிதாக வருகிறவனுக்குக் கட்டிலைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஸ்டூடியோவைக் காட்டிவிடுவோம்.

அன்றைக்கு ஸ்டூடியோவில் ஒரு மாயவரத்துத் தம்பிக்குப் பெண் பார்க்கும் படலம். அவன் ஸ்டூலில், பெண் வீட்டார் போனில். எழுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் நாற்காலியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். யாரோ ஒருவனுக்குக் கல்யாணம் கூடி வந்த நேரம், எனக்குச் சனி பிடித்தது.

அண்ணே, இன்னுங் கொஞ்சம் அங்கிட்டு

மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து ஸ்டூடியோவில் உட்கார்ந்து போன் போட்டேன். எடுத்ததும் வளர்மதி கேட்டாள்.

"அந்த அண்ணன் என்ன செடி வைக்கிறாக?"

"கத்தரி. தக்காளி. பாகல்."

"காட்டுங்க."

இருக்கிற பேச்சு கொஞ்ச நேரம். பையன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் அவள் தனி. இத்தனை வருஷக் கல்யாணத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததைவிட இந்தச் சாயங்காலப் பேச்சில் இருந்ததுதான் அதிகம். எங்கள் குடும்ப வாழ்க்கை என்றால் அது அந்தப் பேச்சுதான். அதில் முக்கால்வாசியை இப்போது கத்தரிச் செடி தின்ன ஆரம்பித்தது.

முதலில் நான்தான் போனைப் பிடித்துக் காட்டினேன். நான் காட்டுவது அவளுக்குத் திருப்தியாக இல்லை. கை ஆடுகிறதாம். அவசரப்படுகிறேனாம். ஒருநாள் "போன அண்ணன்ட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். அன்றோடு என் உத்தியோகம் போயிற்று.

"அண்ணே, நல்லாருக்கீகளா?"

"அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா. நாத்துப் பாத்தியளா? ரெண்டாவது இலை விட்டுருச்சு."

"பாத்தேண்ணே. அங்கிட்டும் காட்டுங்க. இன்னுங் கொஞ்சம் அங்கிட்டு. அந்தக் குழாயடி வரைக்கும்."

பாய் நிதானமாக ஒவ்வொரு பாத்தியாக நடப்பார். தையல்காரர் கை, ஆடாது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, என் போனுக்குள்ளிருந்து என் பெண்டாட்டியின் குரல் இன்னொருவர் கையோடு முற்றத்தைச் சுற்றி வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் என்னிடம் கேட்காத கேள்வியெல்லாம் அவரிடம் கேட்டாள். அந்தக் குழாயிலா எல்லாரும் குளிப்பீக? அந்த நாற்காலிக்குக் கை ஒடஞ்சிருக்கே, ஒக்காந்தா குத்தாதா? கொடியில துணி காயுதே, மண்ணு அடிக்காதா?

பாய்க்குக் குத்திவிடக் கூடாதே என்று என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அவளுக்கு அண்ணன், அவள் அவருக்குத் தங்கச்சி. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூட மனசுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். இது அப்படி இல்லை. ஒரு தப்பும் செய்யாத மனிதன்மேல் வருகிற எரிச்சல், அதை எங்கேயும் இறக்கி வைக்க முடியாது.

நவம்பரில் ஊரிலிருந்து ஆள் வந்தபோது வீட்டிலிருந்து பார்சல் வந்தது. எனக்கு எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி. எப்போதும் வருவதுதான். அதோடு பழைய சேலைத் துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சு. அதில் எங்கள் கொல்லைக் கத்தரியின் விதை. "அண்ணன்ட்ட குடுத்துருங்க" என்று போனில் சொன்னாள். பாய் அந்த முடிச்சை அவிழ்த்த விதத்தைப் பார்க்க வேண்டுமே, நகை வாங்கியதுபோல.

ஜன்னலோரக் கட்டில்

பொறாமை எனக்குப் புதிதில்லை. கொஞ்சம் பின்னால் போகிறேன்.

துபாய்க்கு வருவதற்கு முன்னால் அபுதாபியில் முசஃபா தொழிலாளர் கேம்பில் இருந்தேன். எங்கள் அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதன் ஓரக் கட்டில் ஒரு வெல்டருக்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்து கராஜின் தகரச் சுவர். அதற்கே நான் அவனோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் லீவில் போனபோது அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கராஜ் தூசி நேராக முகத்தில் அடித்தது. தும்மித் தும்மி மறுநாளே என் பழைய கட்டிலுக்குத் திரும்பிவிட்டேன். சரி, சனியன் தொலைந்தது என்று சும்மா இருந்திருக்கலாம். அவன் லீவு முடிந்து வந்து அதே கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபோது மறுபடி வயிறு எரிந்தது.

என் சுபாவம் இப்படி. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

என் மேட்டுப்பாத்தி

கடைசியில் நானும் தோட்டம் போடுவது என்று முடிவு செய்தேன். செடியைத்தானே பார்க்க வேண்டும், என் செடியைப் பார்க்கட்டும். வளர்மதியிடம் சொல்லவில்லை. முளைத்து நிற்கும்போது காட்டி அசத்துவதாகத் திட்டம்.

சாகுல் பாயிடம் இடம் கேட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் தன் பாத்திக்குப் பக்கத்திலேயே நல்ல இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

பாத்தி எப்படிக் கட்டுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆசிரியை வளர்மதி. கல்யாணமான புதிதில், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அவள் கொல்லையில் பாத்தி கட்டியதைப் பார்த்திருக்கிறேன். மண்ணை முழங்கால் உயரத்துக்குக் குவித்து மேட்டுப்பாத்தியாக்கி, சுற்றி வாய்க்கால் இழுப்பாள். தண்ணீர் நின்றால் வேர் அழுகும் என்பாள். நானும் அப்படியே செய்தேன். லீவு நாள் முழுக்க மண்ணை அள்ளி நீளமாகக் குவித்து, கையால் தட்டி, ஓரம் வழித்து, சுற்றி வாய்க்காலும் வெட்டினேன். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

சாகுல் பாய் தொழுதுவிட்டு வந்து பார்த்தார். பாத்தியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்ன வேலு, கபுரு கட்டி வச்சிருக்கிய. யார அடக்குனிய?"

அறைகளிலிருந்து சிரிப்பு கேட்டது.

"எங்க ஊர்ல இப்படித்தான் பாய்."

"ஒங்க ஊர்ல மழை பெய்யும். இது மணலு. பள்ளமா வெட்டுங்க, தண்ணி நிக்கட்டும்."

சொன்னது சரிதான் என்று அப்போதே தெரிந்தது. ஆனால் சொன்னது சாகுல் பாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

வெண்டை விதை போட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் மேட்டில் நிற்காமல் சரிந்து வாய்க்காலில் இறங்கியது. நான் ஒழுங்காக வாட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால். அது போய் முடிந்த இடம் சாகுல் பாயின் பள்ளப்பாத்தி. இரண்டு வாரம் நான் என் கையால் அவருடைய கத்தரிக்குப் பாய்ச்சியிருக்கிறேன். அது கருகருவென்று வளர்ந்தது. என் மேட்டில் நாலு வெண்டை முளைத்து, வெயில் ஏறியதும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

அன்று சாயங்காலம் பாய் வழக்கம்போல் போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டு போகையில் மேடும் படத்தில் வந்துவிட்டது.

"அது என்னண்ணே, வரப்பா?"

"அது ஒங்க வீட்டுக்காரரு பாத்திம்மா."

வளர்மதி சிரித்தாள். "மழையே இல்லாத ஊர்ல மேட்டுப்பாத்தியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பும் அவர் கையில் இருந்த போனுக்குள் போய்விட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு அறைக்குள் போனேன்.

மறுநாள் மண்ணைக் கலைத்து மட்டம் செய்தேன். அன்றிலிருந்து திரும்பவும் ஸ்டூடியோவில்தான் உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டேன். செடியைக் கேட்டால் இருட்டிவிட்டது என்று சொல்லிவிடுவேன். பாய் இருந்தால், அவர் தன் போனிலிருந்து அவளுக்குக் காட்டிக்கொள்வார். நம்பர்கூட வாங்கி வைத்திருந்தாள்.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துக் கிடந்தேன். வளர்மதியிடம் சொல்லவில்லை. நாங்கள் யாரும் அதெல்லாம் சொல்வதில்லை. போர்வையை உதறிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய், நல்லாருக்கேன் என்று ஒப்பித்துவிட்டு வந்து திரும்பப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சாகுல் பாய் ஒரு லோட்டாவில் மிளகு ரசம் கொண்டுவந்தார். முருங்கை ஈர்க்கைத் தட்டிப் போட்டிருந்தது. "குடிங்க" என்று வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். கீழக்கரைப் பக்கமும் முருங்கை ஈர்க்கு போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு நல்லவராக வேறு இருந்து தொலைக்கிறாரே என்றும் நினைத்தேன்.

குழாய் என் கையில்

பிப்ரவரி தொடக்கத்தில் சாகுல் பாய்க்கு லீவு கிடைத்தது. மகள் கல்யாணம். பெட்டி கட்டியதும் என்னை முற்றத்துக்குக் கூட்டிப் போனார். கத்தரி காய்த்துத் தொங்கியது. ஊதா நிறம், மேலே வெள்ளைக் கோடு. எங்கள் கொல்லையில் காய்க்கிற அதே காய்.

"ஒங்களத்தான் நம்பிப் போறேன் வேலு. காலைல ஒரு தடவ தண்ணி விடுங்க. காயப் பறிச்சு எல்லாருமாச் சாப்பிடுங்க."

கத்தரிகளை ஒருமுறை பார்த்துவிட்டு டாக்ஸி ஏறினார். எனக்குள் ஒரு குஷி. இனி முற்றம் என்னுடையது. போனும் என்னுடையது. வளர்மதி யாரிடம் கேட்பாள் பார்ப்போம்.

முதல் நாள் அவள் செடியைக் கேட்டாள். இருட்டிவிட்டது என்றேன். மறுநாளும் கேட்டாள். எல்லாம் நல்லாருக்கு என்றேன். அதற்கடுத்த நாள் அவள் கேட்கவில்லை. சாப்டீகளா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. டியூப் லைட் ரீங்கரித்தது. என் முகத்துக்கு எதிரே அவள் முகம், அவ்வளவு நாளாக நான் ஆசைப்பட்ட மாதிரியே. அவள் பார்வை மட்டும் என் தோளுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "ஏன் மறுபடியும் செவுத்துக்கிட்டயே போயி ஒக்காந்துட்டீக?"

"இங்கதான் வெளிச்சம்."

"வெளிச்சம் வேணாம். முத்தத்துக்கு வாங்க."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன், கத்தரிக்காயப் பாக்கணுமா? டூட்டி முடிஞ்சு வந்து ஒன் மொகத்தப் பாக்கலாம்னு ஒக்காந்தா ஒனக்கு அந்தாளு செடிதான் பெருசாப் போச்சு. வெத அவருக்கு, சிரிப்பு அவருக்கு. எனக்கு ஊறுகா."

ஸ்டூடியோவுக்குக் காத்துக்கொண்டிருந்த ஒருவன் மெதுவாக நகர்ந்து போனான். வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள்.

"நம்ம கொல்லையில இல்லாத கத்தரிக்காயா? அதப் பாக்கவா நான் அண்ணன்ட்ட தெனமும் கெஞ்சுனேன்?"

"பின்ன?"

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க இருக்க எடத்த நான் பாத்ததில்ல. வெள்ளச் செவுரு, தேச்ச சட்டை, நல்லாருக்கேன். போட்டோக் கடையில ஒக்காந்து பேசுற மாதிரி. அன்னைக்குப் போனத் திருப்புனீகள்ல, அப்பத்தான் மொதமொதல்ல பாத்தேன். செடிக்குப் பின்னாடி கொடியில ஒங்க லுங்கி காஞ்சுச்சு. நான் எடுத்துக் குடுத்த நீலக் கட்டம். குழாயடியில ஒங்க செருப்பு. வாரு அந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தீக. ஒங்க நாற்காலிக்குக் கையில்ல. ஒங்ககிட்ட கேட்டாக் காட்ட மாட்டீக. செடியக் காட்டச் சொன்னா தன்னால தெரியும்ல."

போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நடுவுல லுங்கி கொடியில இல்ல. மறுநாளும் இல்ல. கேட்டா நல்லாருக்கேன்னீக. அண்ணன்ட்ட கேட்டேன். காச்சல்னு சொன்னாக. மொளகு ரசத்துல முருங்க ஈர்க்கத் தட்டிப் போட்டுக் குடுங்கண்ணேன்னு நாந்தான் சொன்னேன். குடிச்சீகளா?"

"குடிச்சேன்."

"ம்."

ஸ்டூலிலிருந்து எழுந்தேன். போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அறையைக் காட்டினேன். மூன்றடுக்குக் கட்டிலில் நடு அடுக்கு என்னுடையது என்று காட்டினேன். தலைமாட்டில் நான் ஒட்டி வைத்திருக்கும் பையனின் படம், கட்டிலடிச் சட்டி பானை, வரிசையாகத் தொங்கும் துண்டுகளில் எது என் துண்டு, பாசி பிடித்த சமையற்கட்டு, ஒருவர் பின் ஒருவராக நாங்கள் நிற்கும் அடுப்பு, எல்லாவற்றையும் காட்டினேன். பார்த்துக்கொண்டே வந்தாள். கொடிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"லுங்கியத் திருப்பிப் போட்டுக் காய வைங்க. சாயம் போகுது பாருங்க."

பாய் திரும்பி வந்தார்

சாகுல் பாய் பிப்ரவரி கடைசியில் வந்தார். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. மகள் கல்யாண வீட்டிலிருந்துகொண்டு தினமும் எனக்குப் போன் போட்டுக் கத்தரியைக் காட்டச் சொல்வார். பின்னால் அவர் சம்சாரத்தின் குரல் கேட்கும். "வந்த மனுசரு வீட்டைப் பாக்காம அங்கன உள்ள செடியப் பாத்துக்கிட்டு இருக்காரு." அந்த அம்மாவின் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகப் புரிந்தது.

வந்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பாத்தியடியில் போய் உட்கார்ந்தார். பழைய சிஃபான் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, மகளின் கல்யாணத் துணியில் மிஞ்சிய சிவப்பு ஜரிகைத் துண்டுகளைக் கட்டினார். ஒரு செடிகூட வாடவில்லை. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு குழாயடிக்குப் போனார்.

சாயங்காலம் என் போன் அடித்தது. வளர்மதி. நான் எடுக்கவில்லை. "பாய், நீங்க பேசுங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

"அண்ணே, வந்துட்டீகளா? கல்யாணம் நல்லா முடிஞ்சுச்சா?" குரலில் அத்தனை சந்தோஷம். எனக்கு உள்ளே சுருக்கென்றது. அது போகாது போலிருக்கிறது.

"நல்லா முடிஞ்சிச்சும்மா. கத்தரியப் பாருங்க, ஒங்க வெத."

"பாத்தேண்ணே. இன்னுங் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்புங்க."

பாய் திருப்பினார். நான் கொடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். காற்றில் லுங்கி ஆடி என் முகத்தை மறைத்தது. அதைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டேன்.